கென்வேயின் கப்பலும் எங்கள் கோட்டையும்

2007 இல் தொடங்கிய அசாசின்ஸ் கிரீட் காணொளி விளையாட்டுத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்தது எதுவென்று கேட்டால், முந்தைய பாகங்களின் நாயகன் எட்சியோவின் இரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும், 2013 இல் வெளிவந்த பிளாக் ஃபிளாக்கையே சொல்வேன். 18 ஆம் நூற்றாண்டுக் கரீபியக் கடலில் அதன் நாயகன் எட்வர்ட் கென்வே தன் ஜாக்டோ கப்பலைச் செலுத்தும்போது மாலுமிகள் தாமாகவே பாட்டெடுப்பார்கள். புயலில் பேரலை எழுந்தால், கப்பலின் முகப்பை அதற்கு நேரே திருப்பிப் பிடிக்க வேண்டும். கடலோரக் கோட்டையொன்றைப் பிடிப்பதாயின், முதலில் பீரங்கியால் அதன் அரண்களைத் தகர்த்து, பின்னர் கரையிறங்கி உள்ளிருக்கும் அதிகாரிகளை வீழ்த்த வேண்டும். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் கைப்பற்றி, 1795 இல் ஆங்கிலேயர் வசமான பிரெட்ரிக் கோட்டை வழியாகவே கோணேசர் கோயிலுக்குப் போய்வரும் திருகோணமலைக்காரருக்கு இக்காட்சி அந்நியமானதன்று. மான்கள் மட்டும் மேயாதிருந்தால், அந்தக் கல்வாசலை அப்படியே விளையாட்டுக்குள் வைத்துவிடலாம்.

இதே தொடரில், பண்டைய எகிப்தைக் களமாகக் கொண்ட ஒரிஜின்ஸில் 2018 இல் சேர்க்கப்பட்ட, சண்டையே இல்லாத சுற்றுலாப் பகுதி, வரலாற்றுப் பாடவேளையில் மாணவருக்குக் காட்டத்தக்கது. 2020 இல் வந்த வல்ஹல்லாவோ, இங்கிலாந்தின் நிலக்காட்சிகள் எத்துணை அழகாயினும், தேவைக்கு மேல் நீண்டுவிட்டது என்பதே என் எண்ணம்.