தொட்டியோரத்து நுரைக்கூடு

அக்டோபர் 19

ஐப்பசி மழை இன்று மாலைதான் வலுத்தது. பின்புறக் காலிமனையில் தேங்கிய நீரில், உடல் முழுக்க மஞ்சளேறிய பெருந்தவளைகள் தொண்டையின் இருபுறமும் நீலப் பைகளை ஊதிக்கொண்டு முழங்குகின்றன. 1987இல் இந்திய அரசு தவளைக்கால் ஏற்றுமதிக்குத் தடை விதிக்கும் வரை மூட்டை மூட்டையாகப் பிடிபட்ட இனம் இது. எங்கள் அல்லித் தொட்டியில் கேட்பதோ மரத்தவளையின் குரல். விரல் முட்டியால் கதவைத் தட்டுவதைப் போன்ற ‘டக், டக்டக்’. குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் இதைத்தான் எங்கள் வீட்டில் தேரை என்போம். புத்தகங்கள் அப்பெயரைச் சொறித்தவளைக்குக் கொடுத்துவிட்டன.

அக்டோபர் 20

நள்ளிரவு கடந்து, தொட்டிக்கு மேலே கவிந்திருந்த சேப்பிலையில் ஓர் இணையைக் கண்டேன். ஆணைவிடப் பெரியதான பெண், அதை முதுகில் சுமந்தபடியே, தான் சுரந்த நீர்மத்தைப் பின்னங்கால்களால் முட்டை வெள்ளைக்கருவை அடிப்பதைப் போல மாறி மாறி அடித்து நுரையாக்கியது. விடிந்தபோது சாத்துக்குடி அளவில் ஒரு கூடு தொங்கியது. மேற்புறம் காய்ந்து பழுப்பேறியிருந்தாலும் உள்ளே ஈரம் காய்வதில்லை, மீன்களுக்கும் எட்டாது.

அக்டோபர் 22

இரவுக் காற்றில் இலைக்காம்பு திரும்பி, கூடு இப்போது சிமெண்ட் தரைக்கு நேர் மேலே நிற்கிறது. அதை வெட்டித் தொட்டிக்குள் போட்டுவிடும்படி அம்மா சொன்னார். கொசுவுக்காக நானே விட்ட கப்பி மீன்கள் அங்கே காத்திருக்கையில் அது விருந்து வைப்பதாகும். ஆகவே அம்மாவின் அன்னக்கூடையில் தொட்டித் தண்ணீரை நிரப்பிக் கூட்டுக்கு அடியில் வைத்தேன். அவர் அதற்குப் பிறகு என்னுடன் பேசவில்லை.

அக்டோபர் 23

சொறித்தவளைகளும் வந்துவிட்டன. அல்லித் தண்டுகளில் கரிய முட்டைச் சரங்கள் சுற்றிக் கிடக்கின்றன. அவசரத்தில் ஓர் ஆண் இன்னோர் ஆணையே கட்டிப்பிடிக்க, பிடிபட்டது ‘கிக்கிக்’ என்று கத்தி விடுவித்துக்கொண்டது.

அக்டோபர் 25

மழையில் கூட்டின் அடிப்பகுதி இளகி, இரவெல்லாம் தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகச் சொட்டின. டார்ச் வெளிச்சத்தில் நூற்று நாற்பது வரை எண்ணிவிட்டுக் கைவிட்டேன். விளிம்பில் விழுந்த ஏழெட்டை ஈர இலையால் உள்ளே தள்ளினேன்.

நவம்பர் 9

அனைத்தும் இப்போது பவழமல்லி நிழலிலுள்ள கல்தொட்டியில், வேகவைத்த கீரையைச் சுரண்டித் தின்று வளர்கின்றன. மேலிருந்து பார்த்தால் ஒவ்வொன்றின் மூக்கு நுனியிலும் ஒரு வெள்ளிப் புள்ளி மின்னுகிறது. பின்னங்கால் இன்னும் முளைக்கவில்லை. பெரிய தொட்டியில் கப்பிகள் கரிய சொறித்தவளைக் குஞ்சுகளைக் கவ்விய வேகத்தில் துப்புகின்றன, சுவை பிடிக்கவில்லை போலும். அன்னக்கூடையைப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். அம்மா வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, அதைத் தோட்டத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.