சிலிக்கன் தோலில் சிவப்பு வட்டங்கள்

மே 5, திங்கள்

முதல் நாள். ஊசியைத் தொடவே விடவில்லை. திருகோணமலைக்குப் பக்கத்தில், உப்புவெளியில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் பச்சை குத்தும் சின்னக் கடை. முன்னுக்கு இரண்டு கதிரை, உள்ளே ஒரு கட்டில். கூட்டினேன், துடைத்தேன், பிளாஸ்டிக் உறை மாற்றினேன், திரும்பவும் துடைத்தேன். பாவித்த ஊசி நேரே மஞ்சள் பெட்டிக்குள் போக வேண்டும். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறேனா என்று கடைக்கார அண்ணா கேட்டார். இல்லை என்றேன். மொத்தம் மூன்று ஊசி, முதலாவதை இந்தக் கிழமையே போட்டுவிட்டு வா என்றார். பச்சை குத்தப் பழகப் போன இடத்தில் முதல் குத்து எனக்குத்தான்.

நான் ஐந்து வருடமாகக் கலியாண வீடுகளில் மருதாணி போடுகிறவள். கை ஏற்கெனவே பழகின கை என்ற நினைப்போடுதான் போனேன். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன், பிறகு வாசித்துச் சிரிக்க.

மே 14, புதன்

குத்திப் பழகுகிற சிலிக்கன் தோல் ஒரு துண்டு அண்ணா தந்தார். ஒரு சாண் நீளத்தில் 40 நேர்கோடு. மெஷினைப் பிடித்து அரை மணித்தியாலத்தில் மணிக்கட்டு விட்டுப்போனது. முடித்துக் கொடுத்தால், லாச்சியைத் திறந்து ஒரு சிவப்புப் பேனையை எடுத்தார். பள்ளிக்கூட ஞாபகம் வந்து வயிறு கலங்கியது.

"இதில நிண்டிருக்கிறாய்." ஒரு வட்டம். "இதில மூச்சு விட்டிருக்கிறாய்." இன்னொன்று. "இதில யாரோ கதவைத் திறந்திருக்கினம்."

உண்மையில் திறந்தார்கள்தான். தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்த பொடியன். கோடு அந்த இடத்தில் மணல் அளவுக்குத் தடித்திருந்தது, அவ்வளவுதான். அவர் காட்டியிருக்காவிட்டால் நான் கண்டிருக்க மாட்டேன்.

மொத்தம் 17 வட்டம். எண்ணினேன்.

"தங்கச்சி, இது கோன் இல்லை. உன்ர கை பறக்குது" என்றார். சரிதான். மருதாணி போடும்போது கோன் தோலில் முட்டாது, மேலே நின்று நூல் விடுவது போல விட வேண்டும். அமத்தினால் கோடு தடிக்கும், பிழைத்தால் பஞ்சால் வழித்துவிடலாம். இங்கே கோட்டின் தடிப்பை, மெஷினில் எத்தனை ஊசி சேர்த்துக் கட்டியிருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. நான் அமத்தினால் ஆழம்தான் கூடும். சுண்டுவிரலை ஊன்றி, தோலை மற்றக் கையால் இழுத்துப் பிடித்து, விரலை விட்டுவிட்டு முழுக் கையாலும் இழுக்க வேண்டும். ஐந்து வருடப் பழக்கம் முழுவதும் எனக்கு எதிராக வேலை செய்கிறது.

ஓட்டோவில் வரும்போது அழுகை வந்தது. கண்ணில் தூசு என்று ஓட்டோக்காரத் தம்பியிடம் சொன்னேன். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது, நம்பியிருப்பான்.

ஜூன் 3, செவ்வாய்

அம்மா இன்னும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. "கலியாணம் பேசுற நேரத்தில" என்று தொடங்கி, முடிக்காமல் குசினிக்குள் போய்விடுகிறார். அம்மம்மா வேறு மாதிரி. மயில் ஒன்று கீறிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நல்ல நேரம் பார்த்தா. "கழுத்தில பிழையில்லை. கால்தான் கோழிக்கால்" என்றா.

பிறகு தன் இடது மணிக்கட்டை நீட்டினா. மூன்று புள்ளி. சின்ன வயதில், வீட்டுக்கு வந்த குறத்தி தையல் ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்தினதாம், கூலி ஒரு கொத்து அரிசி. இதற்கு முன் எத்தனையோ தரம் பார்த்த கைதான். இன்றைக்குத்தான் வேலையாகப் பார்த்தேன். விளிம்பு பரவி, கரிக்கறுப்பு பச்சைநீலமாகத் தெரிகிறது. கறுப்பு மைதான், தோலுக்கு ஊடாகப் பார்ப்பதால் அப்படித் தெரிகிறது என்று அண்ணா சொல்லியிருக்கிறார். 'பச்சை' என்ற பேர் வந்ததே அதனால்தான் போல.

மூன்றாவது புள்ளி மட்டும் மற்ற இரண்டையும் விடப் பெரிது.

ஜூன் 21, சனி

சீசன். நிலாவெளிப் பக்கமிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். கெண்டைக்காலில் புத்தர் முகம் வேண்டுமாம். அண்ணா மாட்டேன் என்றார். 2014இல் கையில் புத்தர் குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவரைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிடித்து நாடு கடத்தியதையும், 2017இல் உயர் நீதிமன்றம் அவருக்கு நட்டஈடு கொடுக்கச் சொன்னதையும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அதுவும் உங்களுடையது கால் என்றார். வந்தவருக்கு ஏறிவிட்டது. பயந்தாங்கொள்ளி, கலைஞனே இல்லை என்றெல்லாம் கத்தினார். அண்ணா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அந்த ஆள் குடிக்காமல் போய்விட்டார், நான் குடித்தேன்.

"உங்களுக்குக் கோபம் வரேல்லையா?"

"அவர் என்ர கோட்டைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே."

ஜூலை 6, ஞாயிறு

முதல் உயிர்த்தோல், என்னுடையதே. வேறு ஆளின் தோலைக் கெடுக்க முதல் உன்னுடையதைக் கெடு என்பது இந்தக் கடைச் சட்டம். கணுக்காலுக்குச் சற்று மேலே, பெருவிரல் நகமளவு நங்கூரம். துறைமுகத்து ஊர்க்காரி வேறு என்ன குத்துவாள்.

ஏசி இருந்தும் வியர்த்து, தோலில் படத்தைப் பதிக்க ஒட்டும் ஸ்டென்சில் முதல் தரம் வழுக்கிவிட்டது. துடைத்து, இரண்டாவதை ஒட்டி, கால் மணித்தியாலம் காயவிட்டேன். சிலிக்கன் சும்மா கிடக்கும், தோல் துள்ளும். மை வழிந்து கோட்டை மறைக்கும், துடைத்தால்தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். ஊசி இறங்க வேண்டியது ஒன்று, ஒன்றரை மில்லிமீற்றர். குறைந்தால் மேல்தோலோடு மை உரிந்து போய்விடும். கூடினால் கீழே உள்ள கொழுப்பில் பரவும்.

எனக்குக் கூடிவிட்டது. வளைவின் ஓரத்தில் நீலமாக ஒரு புகைமூட்டம். அண்ணா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. "ஆறட்டும்" என்றார். இதற்கு ஏசியிருக்கலாம்.

ஜூலை 9, புதன்

கொழும்பிலிருந்து அண்ணாவின் சிநேகிதர் ஒருவர் வந்தார், இந்தத் தொழிலில் பழம் தின்றவர். என் காலைப் பார்த்ததும், "இதென்ன, சாம்பிராணிப் புகையா?" என்றார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். மே மாதமாக இருந்தால் அப்படியே வீட்டுக்கு ஓடியிருப்பேன். இன்றைக்கும் காது சுட்டது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு: "எந்த இடத்தில கூடிப் போச்சு?"

மனுசன் இதை எதிர்பார்க்கவில்லை. கீழே குந்தி, போன் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தார். எலும்பு கிட்ட இருக்கிற இடத்தில் தோல் மெல்லிசு, அதிலே வளைவில் திரும்பும்போது இழுத்துப் பிடித்த கையை விட்டிருக்கிறாய், ஊசியும் சரிந்திருக்கிறது என்றார். என் கையைப் பிடித்து எந்த விரலை எங்கே வைப்பது என்று காட்டினார். பத்து நிமிடம் இருக்கும். நக்கலைத் தள்ளிவிட்டு அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் கொப்பியில் எழுதியிருக்கிறேன். நக்கல் தானாகவே ஞாபகம் இருக்கும்.

ஜூலை 29, செவ்வாய்

பொருக்கு விழுந்து ஆறிவிட்டது. அண்ணா கதிரையில் காலை வைக்கச் சொன்னார். லாச்சியைத் திறந்தார். அதே சிவப்புப் பேனை. தோலிலேயே வட்டம் போட்டார், நான்கு. தண்டு சுத்தம் என்றார். ஒருத்தரின் வாயிலிருந்து 'சுத்தம்' என்ற சொல் கேட்டு இவ்வளவு சந்தோசப்படுவேன் என்று நினைக்கவில்லை. நாளைக்குத் திரும்ப 40 கோடு.

வீட்டுக்கு வர, அம்மம்மா விறாந்தையில் இருந்து காலைப் பார்த்தா.

"என்னடி சிவப்பா?"

"பிழை விட்ட இடம், அம்மம்மா."

கொஞ்ச நேரம் யோசித்தா. பிறகு மணிக்கட்டை என் மடியில் வைத்தா. "மூண்டாவதுக்குப் போடு. அவள் குத்தேக்க நான்தான் கையை இழுத்தனான்."