ரொட்டர்டாம் எங்கே இருக்கிறது? யுத்தகாலத்தில் ஒரு தீவக இதழ் அச்சடித்த அனுபவம்

1993 இல் யாழ்ப்பாணத்தில் ஒரு தீவக இதழை அச்சடித்து வெளியிட்ட சில பேரில் நானும் ஒருவன். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலில் இருக்கிற தீவுகளைத்தான் தீவகம் என்போம். இப்போது ஊர்ச் சங்க மலர் போடுகிற பிள்ளைகள் கணினியில் பக்கம் செய்துகொண்டே "எழுத்துரு உடையுது அண்ணை" என்று அலுத்துக்கொள்ளும்போது எனக்குச் சிரிப்பும் வரும், வயிற்றெரிச்சலும் வரும். எங்களுக்கு எழுத்தே தீர்ந்துபோனது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

பின்னணி தெரிந்ததுதான். 1990 ஆகஸ்டில் மண்டைதீவு, வேலணை, ஊர்காவற்றுறை எல்லாம் இராணுவத்திடம் போனது. அடுத்த ஆண்டு புங்குடுதீவும் போனது. நயினாதீவிலும் நெடுந்தீவிலும் சனம் இருந்தது. மற்ற ஊர்ச் சனத்தில் பெரும்பகுதி யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களிலும் சொந்தக்காரர் வீட்டு விறாந்தைகளிலும் கிடந்தது. கட்டுரை சேர்ப்பது அதனால் சுலபமாக இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், முற்றத்தில் குந்தி இருக்கிற ஒரு பெரியவரிடம் ஊரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் போதும், மத்தியானம் தாண்டிவிடும். நெடுந்தீவின் கல்வேலியும் மட்டக்குதிரையும், நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குக் குறிகாட்டுவானில் இருந்து வள்ளம் ஏறின கதை, வேலணைச் சாட்டியின் நன்னீர், கரம்பனில் பிறந்த தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் என்று பக்கம் நிறைந்துவிட்டது.

சண்டை வந்தது இரண்டு இடத்தில். தீவுகள் ஏழு என்றால் எந்த ஏழு? காரைநகரைச் சேர்த்தால் மண்டைதீவை என்ன செய்வது? இதிலேயே ஒருத்தர் கோபித்துக்கொண்டு போனார். அடுத்தது, 1973 இல் மறைந்த எழுத்தாளர் மு. தளையசிங்கம் புங்குடுதீவில் ஒடுக்கப்பட்ட சனத்தின் நன்னீர் உரிமைக்காக நின்று அடிவாங்கியதைப் போடலாமா என்பது. "ஊரின்ர பெருமையைச் சொல்லுற புத்தகத்தில உது ஏன்?" என்றார்கள். போட்டோம். அந்த இதழில் எனக்கு இன்றுவரை முழுத் திருப்தி தருகிற பக்கங்கள் அவைதான்.

தலையிடி தொடங்கியது கடதாசியில். யாழ்ப்பாணத்துக்கு அரசாங்கம் போட்டிருந்த பொருளாதாரத் தடை என்றால் சீமெந்து, பெற்றோல், பற்றரி மட்டும் இல்லை, கடதாசியும்தான். நாளிதழ்களே பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட கொப்பித் தாளில் வந்துகொண்டிருந்த காலம். ஒரு களஞ்சியத்தில் கொஞ்சம் வெள்ளைத்தாள் இருக்கிறது, கடிதம் கொண்டுபோனால் தருவார்கள் என்று கேள்விப்பட்டு, அதற்குப் பொறுப்பான அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த கிளாக்கர் என் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"எந்த விதானைப் பிரிவு?" என்றார். விதானை என்றால் கிராம அலுவலர்.

சொன்னேன்.

"அங்க இப்ப சனம் இல்லையே. சனம் இல்லாத இடத்துக்குச் சஞ்சிகை எதுக்குத் தம்பி?"

அதற்கு என்ன பதில் சொல்வது? சனம் இருக்கிறது, இடம்தான் இல்லை என்றேன். அவர் அசையவில்லை. நாங்கள் அந்தப் பிரிவைச் சேர்ந்தவர்கள் என்று விதானையார் கடிதம் வேண்டும், முத்திரையோடு வேண்டும் என்றார். விதானையாரும் எங்களைப் போல ஓடி வந்தவர்தானே. கொக்குவில் பக்கம் ஒரு வீட்டின் பின்அறையில் இருக்கிறார் என்று கண்டுபிடித்துப் போனால், மனிசன் நல்ல மனிசன், உடனே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். முத்திரை? ஊரில் வீட்டு மேசை லாச்சிக்குள். இராணுவம் இருக்கிற ஊரில்.

முத்திரை இல்லாத கடிதத்தைக் கிளாக்கர் கையாலும் தொடவில்லை. கடைசியில் எங்கள் அச்சகத்துக்காரர்தான் வழி சொன்னார். விதானையாரையே கூட்டிக்கொண்டு வாருங்கள், அவருக்குப் புது முத்திரை ஒன்று செய்து கொடுக்கிறேன் என்றார். சின்ன ஈய எழுத்துகளைக் கோத்து, கட்டையில் இறுக்கி, அன்றைக்கே கொடுத்தார். எங்கள் இதழுக்காக அந்த அச்சகத்தில் நடந்த முதல் வேலை அதுதான். விதானையாருக்கும் பெரிய சந்தோசம். அதற்குப் பிறகு அவரிடம் கடிதத்துக்கு வந்த எல்லோருக்கும் பளிச்சென்று அடித்துக் கொடுத்தார்.

இவ்வளவும் செய்து முடித்துப் போனால், கிளாக்கர் என் முதல் விண்ணப்பத்தைத் தொலைத்திருந்தார். "நீங்கள் தரேல்லையே" என்று முகத்துக்கு நேரே சொன்னார். நல்ல வேளையாக என்னிடம் இன்னொரு பிரதி இருந்தது, அதில் அவரே திகதி போட்டு எடுத்துக்கொண்டதற்குக் கையெழுத்தும் வைத்திருந்தார். அதை நீட்டியபோது அவர் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் ஆறுதல். எந்த நாட்டில் எந்தக் காலத்தில் எந்தக் கந்தோருக்குப் போனாலும் இரண்டு பிரதி கொண்டு போங்கள், ஒன்றில் கையெழுத்து வாங்குங்கள். கேட்டதில் பாதிதான் கிடைத்தது. மிச்சத்துக்குக் கொப்பிதான். கடை கடையாகச் சி.ஆர். கொப்பி வாங்கி, கம்பி கழற்றி, தாளை நிமிர்த்திப் பாரம் வைத்தோம். ஆகவே எங்கள் இதழில் பாதி வெள்ளைத்தாள், மறுபாதி கோடு போட்டது. ஏதோ வடிவமைப்பு என்று நினைத்துச் சிலர் பாராட்டினார்கள். மறுக்கவில்லை.

மின்சாரம் 1990 இலேயே போய்விட்டது. அச்சு இயந்திரத்தைக் காலால்தான் மிதிக்க வேண்டும். மையும் தட்டுப்பாடு; மண்ணெண்ணெய் விட்டு இளக்கினார்கள். மண்ணெண்ணெய்தான் விளக்குக்கும், மோட்டார் சைக்கிளுக்கும், இப்போது எங்கள் கட்டுரைகளுக்கும். கொஞ்சம் கூடிவிட்டால் எழுத்தைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம் படரும், பக்கத்தைத் திறந்தாலே மணக்கும். பிழை திருத்தப் புரூவ் பார்த்தது இரவில், ஜாம் போத்தல் விளக்கில். அடியில் பஞ்சு, அதில் ஒரு சொட்டு எண்ணெய், பொட்டளவு சுடர். அந்த வெளிச்சத்தில் ரகரமும் காலும் ஒன்றுதான். பிழைகள் பற்றி அதற்குமேல் கேட்காதீர்கள்.

எழுத்து தீர்ந்த கதை இதுதான். அந்த அச்சகம் கலியாணக் காட்டும் (அழைப்பிதழ்) செத்தவர் நினைவாக அந்தியேட்டிக்குக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகமும் அடிக்கிற சின்ன இடம். ஈய எழுத்து எல்லாம் அளவாகத்தான் வைத்திருந்தார்கள். நெடுந்தீவுக் கட்டுரையைக் கோத்துக்கொண்டிருந்த ஐயா இரண்டாம் பக்கத்தில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, 'தீ' முடிஞ்சுது."

பெட்டியில் அந்த அறை வெறுமையாக இருந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, புங்குடுதீவு, தீவகம், தீவார். ஒவ்வொரு வரிக்கும் ஒன்று தின்கிறது. "கலியாணக் காட்டில தீ எங்க வரப்போகுது எண்டு கொஞ்சமாத்தான் வாங்கினது" என்றார். அவர் அதைப் பெரிய பிரச்சினையாக எடுக்கவில்லை. அடுத்த நாள் புரூவைப் பார்த்தால் பாதிப் பக்கம் 'நயினாதிவு', 'அனலைதிவு'. குறில் போட்டுக் கோத்திருக்கிறார்! வாசிக்கிற சனம் தானாக நீட்டிக்கொள்ளும் என்பது அவர் கட்சி. நயினாதீவுக்காரர் ஒருத்தரும் எங்கள் குழுவில் இருந்ததால் அது எடுபடவில்லை. பிறகு ஒருமாதிரி ஒழுங்குக்கு வந்தோம். இரண்டு பக்கம் கோப்பது, அடிப்பது, எழுத்தைப் பிரித்துப் பெட்டியில் போடுவது, அடுத்த இரண்டு பக்கம். வேலை இழுத்துக்கொண்டே போனது. சில கட்டுரைகளில் 'தீவு' வருகிற இடமெல்லாம் 'எங்கள் ஊர்' என்று மாற்றியும் விட்டோம். ஊர்ப்பற்று அதிகம் என்று விமர்சனம் வந்தது அதனால்தான்.

ஒருநாள் சகடை என்று நாங்கள் சொல்லுகிற குண்டு விமானம் வந்து சுற்றத் தொடங்க, எல்லோரும் பங்கருக்கு ஓடினார்கள். ஓடின அவசரத்தில் இறுக்காமல் இருந்த ஒரு பக்கம் மேசையிலிருந்து சரிந்து கொட்டியது. குண்டு வேறெங்கோ விழுந்தது. திரும்பி வந்து பார்த்தால் நாகபூசணி அம்மன் திருவிழா நிலமெல்லாம் சிதறிக் கிடக்கிறது. ஐயா ஒன்றும் பேசவில்லை. சப்பாணி கட்டி இருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

அட்டைக்குப் படம் வேண்டும், படம் அச்சடிக்கிற உலோகப் புளொக் செய்ய வசதி இல்லை. ஒரு தச்சரிடம் ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையை மரத்தில் வெட்டித் தரச் சொன்னோம். அழகாக வெட்டினார். அச்சில் இடம் வலமாக மாறும் என்பதை மட்டும் அவர் கணக்கில் எடுக்கவில்லை. கோட்டைக்கு என்ன இடம் வலம் என்று விட்டுவிட்டோம். வெளியீட்டன்று ஊர்காவற்றுறைப் பெரியவர் ஒருத்தர் அட்டையைக் கையில் வாங்கி, தூரப் பிடித்துப் பார்த்து, "கோட்டையைத் திருப்பி வைச்சிட்டாங்களோ?" என்று சத்தமாகக் கேட்டார்.

அதெல்லாம் பரவாயில்லை. உண்மையான அடி தேசப்படத்தில் விழுந்தது.

நடுப்பக்கத்தில் தீவுகளின் படம் ஒன்று போட்டிருந்தோம். வெறும் கோட்டுப்படம். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்திருந்தார்கள் அல்லவா: காரைநகர் ஆம்ஸ்ரர்டாம், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பேர்க், வேலணைத் தீவு லைடன், நெடுந்தீவு டெல்ப்ற். சுவாரசியமாக இருக்கும் என்று அந்தப் பெயர்களை ஆங்கில எழுத்தில் படத்துக்குக் கீழே வரிசையாகக் கொடுத்தோம். ஆங்கில எழுத்துக்குத் தட்டுப்பாடு இல்லை, அதுவும் ஒரு காரணம்.

கடதாசிக்குக் காசு தந்தவர்கள் கொழும்பில் கடை வைத்திருந்த புங்குடுதீவு முதலாளிமார். அவர்களுக்கு ஒரு கட்டுப் பிரதி கொண்டுபோக வேண்டும். யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியே போகப் பாஸ் எடுத்தது தனிக்கதை, விடுங்கள். அந்த ஆண்டு ஜனவரி 2 ஆம் திகதி கிளாலிக் கடலில் வள்ளத்தில் போன சனத்தைக் கடற்படை கொன்ற பிறகும் வெளியே போக அந்த ஒரு வழிதான் இருந்தது. இரவில் வள்ளம் ஏறி, இதழ்க் கட்டைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். தண்ணீரில் ஒரு பிரதியும் நனையவில்லை. தரைக்கு வந்த பிறகுதான் வினை.

ஒரு இராணுவச் சோதனையில் இதழ்க் கட்டை அவிழ்த்தார்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத இளம் சிப்பாய். பக்கம் பக்கமாகத் தட்டிக்கொண்டு போனவன் நடுப்பக்கத்தில் நின்றான். தேசப்படம் எல்லா மொழிக்கும் விளங்கும். மேலதிகாரி வந்தார். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும்.

"டெல்ப்ற் தெரியும். ரொட்டர்டாம் எங்க?"

"அனலைதீவு, சேர்."

"ஆம்ஸ்ரர்டாம்?"

"காரைநகர்."

காரைநகரில் கடற்படைத் தளம். அந்தப் பெயரைச் சொன்னதும் அவர் பேனையை எடுத்தார். இது யார் வைத்த பெயர், யாருக்காக, ஏன் ஆங்கிலத்தில்? ஒல்லாந்தர் வைத்தது, முன்னூறு வருசத்துக்கு மேல் ஆகிறது என்றேன். "ஒல்லாந்தர் இப்ப எங்க இருக்கிறாங்கள்?" என்று கேட்டார். அவர் பகிடியாகக் கேட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் சிரிக்கவில்லை. நீண்ட நேரம் வெயிலில் நிற்கவைத்துவிட்டு, கடைசியில் புத்தகத்தைக் கொண்டுபோகலாம், படம் போகாது என்றார். சிப்பாய்கள் இரண்டு பேர் இருந்து எல்லாப் பிரதியிலும் நடுத்தாளைக் கிழித்தார்கள்.

நடுத்தாள் என்றால் படம் மட்டும் இல்லை. அதன் முதுகில் இரண்டு பக்கம் இருக்கிறது. ஒன்றில் புங்குடுதீவையும் வேலணையையும் இணைக்கிற வாணர் பாலத்தைப் பற்றிய கட்டுரையின் முடிவு, மற்றதில் அடுத்த கட்டுரையின் தொடக்கம். கொழும்பில் பிரதியை வாங்கி வாசித்த முதலாளி ஒருத்தர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்ன தம்பி, பாலம் நடுக்கடலில நிக்குது?" என்றார். நடந்ததைச் சொன்னேன். மிச்சப் பாலத்தை அவரே வாயால் கட்டி முடித்தார், எழுதியவருக்குத் தெரியாத விபரமெல்லாம் சேர்த்து. சாப்பாடும் போட்டு, இன்னும் கொஞ்சக் காசும் தந்தார். இதழ் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சிக்கல் வரக்கூடிய படம் எதுவானாலும் தனித்தாளில் அடித்துச் செருகுங்கள், தைத்த பக்கத்தில் போடாதீர்கள்.

இரண்டாவது இதழுக்குச் சேர்த்த கட்டுரைகளும் முதல் இதழின் மிச்சக் கட்டும் 1995 ஒக்ரோபர் 30 இல் யாழ்ப்பாணத்து வலிகாமச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது வீட்டோடு நின்றுவிட்டன. இப்போது என்னிடம் இருப்பது கொழும்பில் இருந்து திரும்பக் கிடைத்த ஒரு பிரதி. நடுத்தாள் இல்லாதது.

யாழ்ப்பாணத்தில் வாங்கிய முழுப் பிரதி யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து ஸ்கான் செய்து 'நூலகம்' என்ற இணைய எண்ணிம நூலகத்துக்குக் கொடுங்கள். அடையாளம் சுலபம்: பாதி வெள்ளைத்தாள், பாதி கோடு, அட்டையில் திரும்பின கோட்டை. ஸ்கான் செய்கிற கடையில் மட்டும் பக்கத்தில் நில்லுங்கள். கொப்பிக் கோட்டை அழிக்கிறோம் என்று ஏதோ ஒன்றை அழுத்துவார்கள், மண்ணெண்ணெய் மையில் அடித்த எழுத்தும் கோட்டோடு சேர்ந்து போய்விடும். என் பிரதியில் சாட்டி நன்னீர்ப் பக்கத்தை அப்படித்தான் வெறும் வெள்ளையாக்கித் தந்தார்கள். திரும்ப எடுக்கச் சொன்னதற்கு இன்னொரு தரம் காசு கேட்டார்கள்.