ஆச்சியை யார் கேட்பது?

பயிற்சியில் ஒரு பெண்ணுக்கு மார்க் குறைத்தது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். வெளிநாட்டில் படித்த மருத்துவர்கள் பிரிட்டனில் வேலை பார்க்க எழுதும் பிளாப் தேர்வின் இரண்டாம் கட்டத்தில், நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பவரோடு பேசிக் காட்ட வேண்டிய 16 நிலையங்கள், ஒவ்வொன்றுக்கும் 8 நிமிடம். நோயாளியின் மகள் வந்து, அம்மாவுக்குக் கேன்சர் என்று சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சுவது அங்கே வரக்கூடிய கட்டம்தான். சரி என்று தலையாட்டிவிட்டால் பிரிட்டனில் மருத்துவராக நிற்க முடியாது. முடிவெடுக்கும் திறனோடு இருக்கிற நோயாளிக்கு முதலில் தெரிய வேண்டிய செய்தி அது. அவர் சம்மதிக்காமல் மகளிடம்கூடச் சொல்லக்கூடாது. காரைக்குடியில் உட்கார்ந்து மான்செஸ்டர் தேர்வுக்குத் தயார்படுத்துகிறவன் இதைவிட முக்கியமாக எதைச் சொல்லிக்கொடுப்பது?

அந்தப் பெண் தலையாட்டித்தான் விட்டாள். ஹவுஸ் சர்ஜன் முடித்த கையோடு வந்தவள். கெட்ட செய்தியை நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்பதற்கான ஸ்பைக்ஸ் முறையை மறுபடி எடுத்தேன். ஆறு படிகளில் மூன்றாவது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று நோயாளியையே கேட்பது. "மகளோட சண்டை வேண்டாம், அம்மாகிட்ட பொய்யும் வேண்டாம். அம்மாவைக் கேளும்மா" என்றேன்.

"எங்க அப்பத்தாவுக்குக் கடைசி வரைக்கும் வயித்துப்புண்ணுன்னுதான் சார் சொன்னோம். ரிப்போர்ட்டை அப்பா கையிலதான் கொடுத்தாங்க. அப்பத்தாவைக் கேட்டிருக்கணுமா?"

"இங்க இருக்கிற வரைக்கும் இங்கத்த வழக்கப்படி இரும்மா. அங்க போனா அங்கத்தபடி."

இந்தப் பதில்தான் என்னை விடமாட்டேன் என்கிறது.

தேர்வு நெருங்குகிற நேரத்தில், போய்ச் சேர்ந்த அப்பத்தாவை நினைத்து அவள் மருகக்கூடாது என்றுதான் சொன்னேன். புதிதாகவும் எதையும் சொல்லவில்லை. செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை வைத்துப் பிழைக்க, போன காலத்தில், பெட்டியடிப் பையனாக, கடையில் வேலை பழகும் சிறுவனாக, போன பிள்ளைகள் போன ஊரின் பேச்சையும் வழக்கத்தையும் பழகித்தான் பிழைத்தார்கள். ஆனால் வட்டிக்கடை நடத்துவதும், ஒருத்தியிடம் அவள் சாகப்போவதை மறைப்பதும் ஒரே கணக்கில் வருமா?

இங்கத்த வழக்கம் என்றேனே, அது இங்கத்த சட்டமும் இல்லை. சமீரா கோலி வழக்கில், மயக்கத்தில் இருந்த வயது வந்த பெண்ணுக்குப் பதிலாக அறுவை சிகிச்சைக்குத் தாய் தந்த சம்மதம் செல்லாது என்று 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீட்டுச் சாவிக்கொத்தும் வரவு செலவும் ஆச்சி கையில். அவள் உடம்பைப் பற்றிய காகிதம் மட்டும் மகன் கையில். தாங்கமாட்டாள் என்கிறோம். சொல்லாமலே தெரிந்துகொண்டு, நகைகளைப் பேத்திகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் படுத்த ஆச்சிகளையும் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் கேட்டிருந்தால், சொல்ல வேண்டாம் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அதுவும் அவர்கள் சொல்ல வேண்டியது.

இப்போது பயிற்சியில் தமிழிலும் ஒரு கட்டம் வைக்கிறேன். நோயாளி ஓர் ஆச்சி. மகன்கள் நாலு பேர் சுற்றி நிற்கும்போது எப்படி சார் கேட்பது என்கிறார்கள் பிள்ளைகள். ரவுண்ட்ஸில் வேண்டாம், பிபி பார்க்கிற சாக்கில் தனியாகக் கேள் என்கிறேன். ராப்பகலாகப் பக்கத்தில் இருந்து பார்க்கிற மகன்களுக்குத் தெரியாமல் செய்யச் சொல்கிறோமே என்பதும் உறுத்துகிறது. அதற்காகக் கேட்காதே என்று சொல்லவும் மனம் வரவில்லை.