அம்மாவின் நோட்டும் பத்துச் சீட்டுகளும்

எங்கள் வீட்டில் மீன்பிடி வரவுக் கணக்கு எழுதியவர் அம்மா. அப்பா காசிமேட்டில் வேறொருவரின் ஃபைபர் படகில் பங்குக்குத் தொழில் செய்தார். விடிந்து கரைக்கு வந்து, ஏலம் முடிந்து, டீசல், ஐஸ், படகுப் பங்கு எல்லாம் போக அவர் கைக்கு வந்ததை அம்மா ஒரு நீள நோட்டில் குறித்து வைப்பார். ஈரக் கையோடு எழுதியதால் பல பக்கங்களில் மை ஊறியிருக்கும். ஒரு பக்கத்தில் சங்கரா மீனின் செதில் ஒன்று காய்ந்து ஒட்டிக்கொண்டு இன்னும் இருக்கிறது. வருமானம் இல்லாத நாளுக்குப் பூஜ்யம் போட மாட்டார். "காற்று" என்று எழுதுவார்.

2018-இல் நான் பிளஸ் 2 படித்துக்கொண்டிருந்தேன். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தண்டலுக்குப் பணம் வாங்கலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. கையில் 42,500 ரூபாய் தருவார்கள். தினம் 500 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். நான் நோட்டைப் பிரித்துக் கடைசிப் பத்து நாள் கணக்கை எடுத்தேன்: 300, 450, 200, காற்று, 500, 350, 400, 250, காற்று, 7,550. அந்தக் கடைசி நாள் வஞ்சிரம் மாட்டிய நாள். மொத்தம் பத்தாயிரம், சராசரி ஆயிரம். "தினம் ஐந்நூறு கட்டினாலும் கையில் ஐந்நூறு மிஞ்சும் அம்மா" என்றேன்.

அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "இதில் எத்தனை நாள் ஐந்நூறு வந்திருக்கிறது?"

நான் பதில் சொல்லவில்லை. சராசரி தெரிந்த பிறகு அது எதற்கு என்று நினைத்தேன். தண்டல் வாங்கினோம். அடுத்த முப்பது நாளில் வஞ்சிரம் ஒருமுறைகூட வலையில் ஏறவில்லை. நான்காவது வாரம் அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது.

இப்போது கல்மண்டபம் பக்கத்தில் ஒரு மொட்டை மாடியில் மாலை வகுப்பு எடுக்கிறேன். பிளஸ் 2 பிள்ளைகளும் பி.காம் பிள்ளைகளுமாக இருபத்து நான்கு பேர் வருகிறார்கள். சராசரி, இடைநிலை, தொகைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்று சொல்லும் திட்டவிலக்கம் எல்லாம் அவர்களுக்கு ஒரு பாடம். நிகழ்தகவுப் பரவல் அதோடு ஒட்டாத வேறொரு பாடம். அப்படி நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். அதை மாற்றாமல் அனுப்பக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஏனென்றால் அம்மா அன்று கேட்டது பரவலைப் பற்றிய கேள்வி. எந்தத் தொகை எத்தனை முறை வரும் என்பதுதான் பரவல். சராசரியும் இடைநிலையும் திட்டவிலக்கமும் அதன் உடம்பில் எடுத்த அளவுகள்.

அந்தப் பத்து நாளையே பாருங்கள். ஐந்நூறோ அதற்கு மேலோ வந்தது இரண்டே நாள். சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் இடைநிலை 325. சராசரியை ஆயிரத்துக்குத் தூக்கியது ஒரே ஒரு நாள். திட்டவிலக்கம் ஏறக்குறைய 2,189, சராசரியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். இந்த இடத்தில் பிள்ளைகள் எப்போதும் ஒன்று சொல்வார்கள்: "சராசரிக்கு இருபுறமும் ஒரு திட்டவிலக்கத்துக்குள் 68 சதவீதம் அடங்கும் அக்கா." சரி, கழித்துப் பார் என்பேன். ஆயிரத்தில் 2,189 போனால் கழித்தல் 1,189. எந்தக் கடலும் அப்பாவிடம் பங்கைத் திருப்பிக் கேட்டதில்லை. அந்த 68 சதவீதம், வரைந்தால் மணி வடிவில் வரும் இயல்நிலைப் பரவலுக்குச் சொந்தமானது. மணி வடிவம் இல்லாத இடத்துக்கு அதைக் கொண்டுபோனால் கணக்கு சரியாகவும் பதில் தவறாகவும் வரும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்வேன். நோட்டில் இருப்பது நமக்குக் கிடைத்த கூறு, அதாவது எல்லா நாட்களிலிருந்தும் கைக்கு வந்த ஒரு சிறு பகுதி. அதற்குப் பின்னால், எல்லா நாளுக்கும் பொருந்தும் ஒரு பரவல் கடலில் இருக்கிறது. அதை நாம் பார்த்ததில்லை. நோட்டில் ஒவ்வொரு தொகைக்கும் பத்தில் ஒரு பங்கு எடை கொடுத்துக் கூட்டினால் சராசரி. அந்தப் பத்தில் ஒரு பங்குக்குப் பதிலாக உண்மையான நிகழ்தகவை வைத்துக் கூட்டினால் எதிர்பார்ப்பு. நாட்கள் கூடக்கூட முதலாவது இரண்டாவதை நெருங்கும். பத்து நாள் போதவே போதாது.

ஒருநாள் அந்தப் பத்துத் தொகைகளையும் சீட்டுகளில் எழுதி பிஸ்கட் டப்பாவில் போட்டேன். ஒரு சீட்டை எடுக்க வேண்டும், குறித்துக்கொண்டு திரும்பப் போட வேண்டும். இப்படி முப்பது முறை; அதாவது ஒரு மாதத் தொழில். பிறகு முப்பதின் சராசரியைச் சுவரில் வரைந்த கோட்டின் மேல் சுண்ணக்கட்டியால் புள்ளியாக வைக்க வேண்டும். தனித்தனிச் சீட்டுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தாலும் சராசரிகள் ஆயிரத்தின் அருகே குவியத் தொடங்கின. நாணயத்தைப் பலமுறை சுண்டினால் மணி வடிவ வளைவு வரும் என்று 1733-இல் கணித அறிஞர் டி மாய்வர் காட்டினார். 1810-இல் இன்னொரு கணித அறிஞர் லாப்லாஸ் அதைப் பலவகைக் கூட்டுத்தொகைகளுக்கும் விரித்தார். எங்கள் சுவரில் வந்தது அதன் பிஞ்சு வடிவம். இப்படிப்பட்ட சராசரிகள் எவ்வளவு சிதறும் என்று அறிய, திட்டவிலக்கத்தை முப்பதின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும்: சுமார் 400. புள்ளிகளின் சிதறலும் ஏறத்தாழ அந்த அளவில்தான் இருந்தது. மணி வடிவம் வர முப்பது இருந்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். இவ்வளவு சாய்ந்த பரவலுக்கு அது போதாது. எங்கள் குவியலின் வலக்கைப் பக்கம் கொஞ்சம் நீண்டே இருந்தது.

ஒவ்வொரு முறையும் 7,550 வரும் அல்லது வராது; முப்பது முறையில் எத்தனை தடவை வரும் என்பது ஈருறுப்புப் பரவல். பத்தில் ஒன்பது சீட்டு வேறு தொகை என்பதால், ஒருமுறைகூட வராமல் போக 0.9-ஐ முப்பது முறை பெருக்க வேண்டும்: 0.042. நூறு மாதத்தில் நான்கு மாதம். ஆண்டுக்குப் பத்து மாதத் தொழில் என்று வைத்தால், அதில் ஒரு மாதமாவது அப்படி வெறுமையாகப் போக மூன்றில் ஒன்றுக்கும் மேல் வாய்ப்பு. சீட்டுகள் ஒன்றையொன்று அறியாதவை. கடலில் அப்படி இல்லை, காற்று பிடித்தால் நாலைந்து நாள் சேர்ந்தே பிடிக்கும். ஆகவே நிஜக் கணக்கு இதைவிடக் கடுமையாகவே இருக்கும். எங்கள் வீட்டில் அந்த மாதத்தைக் கெட்ட நேரம் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அன்று வகுப்பில் ஒரு பையனுக்கு முப்பது சீட்டிலும் 7,550 வரவில்லை. கூட்டுத்தொகை 8,250, சராசரி 275. அவன் முகம் வாடிவிட்டது. "அக்கா, நான் மறுபடியும் எடுக்கட்டுமா?" என்று கேட்டான்.

"வேண்டாம், உன் புள்ளியை அதன் இடத்திலேயே வை" என்றேன். எல்லாரும் வைத்த குவியலிலிருந்து விலகி, கோட்டின் இடது ஓரத்தில் எட்டிப்போய் வைத்தான். சுண்ணக்கட்டியை வாங்கி, அதன் அடியில் "காற்று" என்று எழுதினேன்.