புதுச் சட்டையின் மடிப்பு

போன மாதம் ஜூரி அழைப்பு வந்து சிட்னியில் ஒரு நீதிமன்றத்துக்குப் போனேன். இங்கே குற்றவாளியா இல்லையா என்று சொல்வது ஜூரி, அதாவது என்னைப் போன்ற சாதாரண மக்கள். கொலை வழக்கு. அதைப் பற்றி எதுவும் எழுதப்போவதில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் உள்ளே வந்து உட்கார்ந்த நிமிஷத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். புதுச் சட்டை, பெட்டியில் இருந்த மடிப்பு முதுகில் அப்படியே தெரிந்தது. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஒரு சாட்சிகூட வாய் திறக்கவில்லை, அதற்குள் என் மனசு ‘இவன்தான்’ என்றது. பயந்துபோனேன்.

ஜூரியைத் தேர்ந்தெடுக்கும்போது என் எண்ணைக் கூப்பிடவில்லை, மதியமே அனுப்பிவிட்டார்கள். ரயிலில் வரும்போதெல்லாம் லிண்டி சேம்பர்லின் நினைப்புதான்.

1980 ஆகஸ்ட் 17. உலுரு பாறைக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டிருந்த குடும்பம். ஒன்பது வாரக் குழந்தை அசாரியாவை டிங்கோ என்ற ஆஸ்திரேலியக் காட்டுநாய் தூக்கிப் போய்விட்டது. தாய் லிண்டி சொன்னதை முதல் மரண விசாரணை ஏற்றுக்கொண்டது, ஊர் ஏற்கவில்லை. டிவி பேட்டியில் லிண்டி உடைந்து அழவில்லை. டிங்கோ இரையை எப்படித் தோலுரிக்கும் என்றுகூட நிதானமாக விளக்கினார். பெற்றவள் இப்படியா பேசுவாள் என்றார்கள். குழந்தையை அவரே கொன்றார் என்று 1982ல் டார்வினில் வழக்கு நடந்தபோது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. அவர் உடையையும் தலைமுடியையும் பத்திரிகைகள் அலசின. ஒன்பது ஆண்களும் மூன்று பெண்களும் இருந்த ஜூரி குற்றவாளி என்றது. ஆயுள் தண்டனை.

முகத்தைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. காரில் இருப்பது குழந்தையின் ரத்தம் என்று நிபுணர் சாட்சியே இருந்தது. பிற்பாடு பார்த்தால், முக்கியமாகக் காட்டிய அந்தத் தெறிப்பு, கார் தயாரிக்கும்போது அடித்த சத்தம் தடுக்கும் பூச்சு! லிண்டி அழுதிருந்தால் அந்தச் சாட்சியத்தை இன்னும் கொஞ்சம் சந்தேகப்பட்டிருப்பார்களோ?

எனக்கு இது வலிக்கக் காரணம் உண்டு. மதுரையில் அப்பா போன அன்று நான் அழவில்லை. ஐஸ் பெட்டிக்குச் சொன்னேன், பந்தல்காரரிடம் பேசினேன், வந்தவர்களுக்குக் காபி கொடுத்தேன். “கல்நெஞ்சுக்காரி” என்றார் சித்தி, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. மூன்று வாரம் கழித்து இங்கே பென்டில் ஹில் கடையில் கோபால் பல்பொடி டப்பாவைப் பார்த்து, நின்ற இடத்திலேயே கதறினேன். சித்தி அதைப் பார்க்கவில்லை.

1986ல் உலுருவில் ஏறிய ஒருவர் விழுந்து இறந்தார். உடலைத் தேடிப் போனவர்கள் கண்ணில் பட்டது அசாரியாவின் மேல்சட்டை. குழந்தை போட்டிருந்தது என்று லிண்டி ஆரம்பத்திலிருந்தே சொல்லி, யாரும் நம்பாத சட்டை. சில நாளில் அவரை வெளியே விட்டார்கள். 1988ல் தண்டனை ரத்தானது. டிங்கோதான் கொன்றது என்று மரண விசாரணை அதிகாரி அறிவிக்க 2012 ஆனது.

நான் பார்த்த மனிதரின் வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கலாம். அந்த மடிப்பு கண்ணிலேயே நிற்கிறது. யாரோ அவருக்காகக் கடைக்குப் போய், கழுத்தளவு பார்த்து வாங்கியிருக்கிறார்கள்.