வரவேண்டிய பாக்கி

சிறு தொழில் செய்பவர்களுக்கு எப்படி உதவலாம் என்று யாரிடம் கேட்டாலும், முதலில் கடன் வசதி என்பார்கள், அடுத்ததாகப் பயிற்சி என்பார்கள். சிறு தொழில்முனைவோர் சங்கம் ஒன்றில் மனு எழுதித் தருவது, விண்ணப்பம் நிரப்புவது, அலுவலகங்களுக்குத் துணையாகப் போவது என்று சில ஆண்டுகளாகத் தன்னார்வலராக வேலை பார்த்து வரும் எனக்கு, இவ்விரண்டுக்கும் முன்னால் நிற்க வேண்டிய தேவை வேறொன்று என்று படுகிறது. செய்து முடித்த வேலைக்கான பணம் சொன்ன நாளில் கைக்கு வர வேண்டும். வராவிட்டால், வாடிக்கையாளரை இழந்துவிடுவோமோ என்ற பயமில்லாமல் அதைக் கேட்பதற்கு ஒரு வழி இருக்க வேண்டும்.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு கணக்கு நோட்டு. துணிப்பைகள் தைத்து நிறுவனங்களுக்குக் கொடுத்து வரும் ஒரு பெண்மணி, வங்கிக் கடனுக்கு விண்ணப்பம் எழுத வேண்டும் என்று அதை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். இடப்பக்கத்தில் துணி, நூல், மின்கட்டணம், வாராவாரம் கொடுக்கும் கூலி ஆகியவை வரிசையாக இருந்தன. வலப்பக்கத்தில் வரவேண்டிய பாக்கி. அதில் ஒரே நிறுவனத்தின் பெயர் ஏழு முறை எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு பில்லுக்கு எதிரிலும், பணம் தருவதாக அவர்கள் சொன்ன தேதியைப் பென்சிலால் எழுதி, அந்த நாள் கடந்ததும் ரப்பரால் அழித்து, அடுத்த தேதியை எழுதி, அதையும் அழித்து எழுதியதில் அந்த இடத்தில் மட்டும் காகிதம் மெலிந்து, பின்பக்கத்து எழுத்து தெரிந்தது. எல்லாவற்றிலும் பழைய பில் நான்கு மாதங்களைத் தாண்டியிருந்தது. அவர் கேட்க வந்த கடன் தொகை, அந்த ஏழு பில்களின் கூட்டுத்தொகையைவிடக் குறைவு.

பெரிய நிறுவனத்துக்குச் சிறியவர் வட்டியில்லாமல் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அப்படிக் கொடுப்பதற்காகத் தாம் வேறிடத்தில் வட்டிக்கு வாங்குகிறார் என்பதுதான் அந்த நோட்டின் சுருக்கம். இந்த நிலையில் கூடுதல் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு, உதவி செய்துவிட்டோம் என்று நாம் மனநிறைவு கொள்ள முடியாது. பணம் வந்து சேராத ஓட்டையை அடைக்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் பானை எப்படி நிறையும்?

சட்டம் இல்லாமலில்லை. இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, சரக்கை ஏற்றுக்கொண்டவர் ஒப்பந்தத்தில் எந்தத் தவணை எழுதியிருந்தாலும் 45 நாட்களுக்குமேல் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி வீதத்தைப்போல் மூன்று மடங்கு வீதத்தில் மாதாமாதம் கூட்டு வட்டி சேரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நெறிமுறை பொதுத்துறை அமைப்புகளுக்குப் பொதுவாக 30 நாட்களையும், நிறுவனங்களுக்கு இடையிலான ஒப்பந்தங்களுக்குப் பொதுவாக 60 நாட்களையும் வரம்பாக வைக்கிறது. பிரிட்டனில் இத்தகைய புகார்களை விசாரிப்பதற்கென்றே சிறு வணிக ஆணையர் என்ற பதவி 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாக்கப்பட்டது. இவற்றையெல்லாம் அறிந்திருந்த நம்பிக்கையில், புகார் கொடுக்கலாமே என்று அந்தப் பெண்மணியிடம் சொன்னேன். அவர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "புகார் கொடுத்தால் பாக்கி வரலாம். அடுத்த ஆர்டர் வராதே" என்றார்.

அந்த ஒரு வரிக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. உரிமை ஏட்டில் இருப்பதற்கும் அதைத் தனியாள் ஒருவர் எடுத்துப் பயன்படுத்துவதற்கும் இடையிலான தூரம், அவரைப் பொறுத்தவரை ஐந்து பேருடைய அடுத்த மாதக் கூலி. சட்டத்தை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. ஆனால் வாங்குபவரும் விற்பவரும் சம பலம் உள்ளவர்கள் என்று எண்ணிப் புகார் கொடுக்கும் பொறுப்பை விற்பவரிடமே விட்டுவிட்டார்கள்.

சங்கம் பரிந்து பேச வேண்டிய இடம் இதுதான். ஒருவர் கேட்டால் அது அவருடைய தகராறு; அதே நிறுவனத்துக்குச் சரக்குக் கொடுக்கும் எல்லோருக்காகவும் சங்கம் கேட்டால், யார் பெயரையும் தனியாகக் குறித்துவைக்க முடியாது. ஆனால் அதற்கு முன்தயாரிப்பு வேண்டும். நாங்கள் முதன்முதலில் ஓர் அதிகாரியைச் சந்திக்கப் போனபோது, வெறும் ஆதங்கத்தோடு போனோம். எத்தனை பில்கள், எத்தனை நாட்கள், எழுத்துப்பூர்வமான கொள்முதல் ஆணை இருக்கிறதா என்று அவர் கேட்டார். கேட்டது நியாயம்தான், எங்களிடம்தான் விடை இல்லை. திரும்பி வந்த பிறகு, உறுப்பினர் ஒவ்வொருவரிடமிருந்தும் பில் தேதி, சரக்கை ஏற்றுக்கொண்ட தேதி, பணம் வந்த தேதி ஆகிய மூன்றை மட்டும் வாங்கி, பெயர்களை நீக்கிவிட்டு ஒரே அட்டவணையாக்கினோம். பலருக்குச் சரக்கை ஏற்றுக்கொண்டதற்கான கையெழுத்துச் சீட்டே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தச் சீட்டு இல்லையென்றால், எந்த நாளிலிருந்து தவணையை எண்ணுவது என்ற வாதத்திலேயே வழக்கு நின்றுவிடும். இன்று புதிதாகச் சேரும் உறுப்பினர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லித்தருவது, சரக்கை இறக்கும்போதே அந்தக் கையெழுத்தை வாங்கிவிடுவது.

கூட்டாண்மை என்ற சொல்லைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பெரிய நிறுவனங்கள் சிறு தொழில்களோடு கைகோப்பதாக அறிவிப்பதும், மேடையில் புரிந்துணர்வு ஒப்பந்தக் கோப்புகளை மாற்றிக்கொள்வதும் அடிக்கடி நடக்கின்றன. அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. சில நல்ல வேலைகள் அப்படித்தான் தொடங்கியிருக்கின்றன. ஆயினும் அந்தக் கோப்பைக் கையில் வாங்கினால் நான் தேடுவது மூன்று வரிகளைத்தான்: மூலப்பொருளுக்கு முன்பணம் உண்டா, பணம் எத்தனை நாளில் வரும், சரக்கு திருப்பியனுப்பப்பட்டால் நட்டம் யாருடையது. இந்த மூன்றும் எழுதப்படாத ஒப்பந்தத்தில் சிறியவர் கூட்டாளி அல்ல. தள்ளி நின்று ஆர்டருக்குக் காத்திருப்பவர்தான்.

அரசுக் கொள்முதலிலும் இதே கதை. டெண்டர் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பார்கள். அதன் நிபந்தனைகளைப் படித்தால், கடந்த மூன்றாண்டு விற்றுமுதல் இவ்வளவு இருக்க வேண்டும், முழு அளவையும் ஒருவரே தர வேண்டும், வைப்புத்தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று இருக்கும். வாசலைத் திறந்துவைத்து நிலைப்படியை ஆள் உயரத்துக்கு எழுப்பியது போன்றது இது. மாற்ற முடியாத விதி அல்ல இது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டுக் கொள்முதல் நெறிமுறை, பெரிய ஒப்பந்தத்தைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கலாம், பிரிக்காவிட்டால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்கிறது. கேட்கும் குறைந்தபட்ச விற்றுமுதலும் பொதுவாக ஒப்பந்த மதிப்பின் இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது. அமெரிக்கக் கூட்டரசு தன் முதன்மை ஒப்பந்தங்களின் மதிப்பில் 23 சதவீதம் சிறு தொழில்களுக்குப் போக வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. சிறியவர்களுக்காகப் பேசப் போகிறவர்கள் சலுகை கேட்பதைவிட, நிபந்தனையின் எந்த வரி அவர்களை வெளியே நிறுத்துகிறது என்று சுட்டிக்காட்டினால் அதிகம் நடக்கிறது என்பது என் அனுபவம்.

அனைவருக்குமான வாய்ப்பு என்று பேசும்போது, சங்கத்துக்குள்ளேயே யார் இல்லை என்பதையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள், தெருவில் விற்பவர்கள், மாற்றுத்திறனாளிகள், வேறு ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் ஆகியோரின் பெயர் உறுப்பினர் பட்டியலில் அரிதாகவே இருக்கும். அவர்களுக்கு ஆர்வமில்லை என்று சொல்லிவிடுவது எளிது. அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, பெண் ஒருவர் தொழில்கடன் வாங்க ஆண் உறவினர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும் என்று சில மாநிலங்களில் விதி இருந்தது. அந்தப் பெண்களுக்கும் ஆர்வமில்லாமல் இருந்ததில்லை. 1974இல் அகமதாபாத்தில், எலா பட் தொடங்கிய, சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா அமைப்பைச் சேர்ந்த நாலாயிரம் பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டுத் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வங்கியைத் தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அவர்களுடைய கணக்குகளை நடத்த, கையெழுத்தை மட்டும் நம்பாமல் புகைப்பட அடையாளத்தைப் பயன்படுத்தினார்கள். வங்கிக்கு ஏற்ற மாதிரி பெண்களை மாற்றக் காத்திருக்காமல், பெண்களுக்கு ஏற்ற மாதிரி வங்கியை மாற்றியதுதான் அங்கே நடந்தது.

எங்கள் சங்கக் கூட்டங்கள் வெகுகாலமாக மாலை ஏழு மணிக்குத்தான் நடந்தன. கடையை மூடிவிட்டு வரும் ஆண்களுக்கு வசதியான நேரம் அது. துணிப்பை தைக்கும் அந்தப் பெண்மணி ஒருமுறைகூட வராததற்கு அதுதான் காரணம் என்று அவரே சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. இப்போது மாதத்தில் ஒரு கூட்டம் காலை பதினொரு மணிக்கு நடக்கிறது. ஆண்டுச் சந்தாவைத் தவணையாகக் கட்டலாம் என்றும் தீர்மானம் போட்டிருக்கிறோம். இவ்வளவு சிறிய மாற்றத்துக்கு இத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டோமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அவருடைய ஏழு பில்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த நிறுவனத்துக்குச் சரக்குக் கொடுக்கும் எல்லா உறுப்பினர்களுக்காகவும், அட்டவணையை இணைத்து, சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதினோம். யாருடைய ஆர்டரும் நிறுத்தப்படவில்லை. அவருக்கு ஐந்து பில்களுக்கான பணம் இரண்டு தவணையாக வந்துவிட்டது, வட்டி வரவில்லை. மீதி இரண்டுக்கான கடிதத்தை இந்த வாரம் அனுப்புகிறோம். அதில் செயற்குழு உறுப்பினராக அவரும் கையெழுத்திடுகிறார்.